வீடு புகுந்த ஆமை

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா” என்பது நம் நாட்டுப் பழமொழி. கடனுக்காகப் பண்டம் பாத்திரங்களைக் கைப்பற்ற வரும் நீதிமன்ற ஊழியனோடு, ஒரு வாயில்லாச் சீவனையும் சேர்த்துப் பழித்துவிட்டனர். தீய சகுனம் என்பதொன்று இல்லையெனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, முஸ்லிமின் உள்ளத்தில் இப்பழமொழிக்கு இடமேது? நம்மைக் கேட்டால் அதனைத் திருப்பியே சொல்வோம்: ஆமையால் வீடு கெடுவதில்லை, வீடு புகுந்த ஆமை கெடுவதோ மிக எளிது.

இங்கிலாந்தில் வாழும் மகளின் இல்லத்தில் சில திங்கள் தங்கியபோது இவ்வெண்ணம் நமக்கு உறுதிப்பட்டது. அங்கே பேரன் ஓர் ஆமை வளர்க்கிறான். அரபியில் ‘சுலஹ்ஃபாத்’ எனப்படும் இவ்வுயிரில், உள்ளங்கையில் அடங்கும் ஹெர்மன் ஆமை அது. ஸ்பெயின் முதல் பால்கன் நாடுகள் வரையுள்ள மத்தியதரைக் கடலோரம் அதன் தாயகம். அவ்வினமும், மொராக்கோ முதலிய நாடுகளில் வாழும் அதன் உறவினமும் ஒரு காலத்தில் இலட்சக்கணக்கில் பிரிட்டனுக்குக் கப்பலேறின. அவற்றுள் மிகப் பல, வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே மடிந்தன. 1984ஆம் ஆண்டில்தான் அவ்விறக்குமதி வாணிபம் தடை செய்யப்பட்டது. இன்று அங்கே வளர்ப்பிடங்களில் பிறந்தவையே அரசுச் சான்றிதழுடன் விற்கப்படுகின்றன. அன்று வாங்கியவர்கள் கொடியவர்கள் அல்லர். பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக வாங்கிய அன்புடையவர்களே. அறிவில்லாத அன்புதான் அவற்றைக் கொன்றது.

“நன்னா, இதற்கு நோய் வந்தால் எப்படித் தெரியும்? இது அழாதே!” என்று பேரன் ஒரு நாள் கேட்டான். பெரிய கேள்விதான். பசித்த பூனை கத்தும், ஆடு கதறும். ஆமையோ துன்பத்தையும் ஓட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நோய் வெளியே தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே வளர்ப்பவரின் கண்ணே அதற்கு வாயாக வேண்டும். மூக்கில் நீர் வடிதல், கண் வீங்குதல், ஓடு மெத்தெனல், இரை மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். எடையை மாதந்தோறும் குறித்து வைக்கிறாள் மகள்.

ஓடு அதற்குச் சட்டை போன்றதன்று. முதுகெலும்பும் விலாவெலும்பும் சேர்ந்து அமைந்த உடலே அது. தொட்டால் உணரும். அதில் துளையிட்டுக் கயிறு கட்டுவதும் வண்ணம் பூசுவதும் கொடுமை.

சன்னலருகே வெயிலில் வைத்தால் போதாதா என மகளிடம் வினவினோம். “போதாது வாப்பா! கண்ணாடி சூட்டைத்தான் விடும், இதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும்” என்றாள். அக்கதிர் தோலில் படாவிடில் உடலில் டி வைட்டமின் உண்டாகாது. அது இன்றேல் உண்ட சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. நல்ல வெயில் நாளில் தோட்டத்து வேலிக்குள் விடுகின்றனர். மற்ற நாட்களில் அக்கதிர் தரும் விளக்கின்கீழ் ஏறக்குறைய 32 பாகை செல்சியஸ் சூடுள்ள ஓரிடமும், ஒதுங்குவதற்குக் குளிர்ந்த மறுபுறமும் அமைத்துள்ளனர்.

அதன் உணவு நார் மிகுந்த களைச்செடிகளே. டாண்டிலயன் என்னும் மஞ்சட்பூக் களையும் குளோவர் இலையும் அதற்கு விருந்து. ரொட்டியும் இறைச்சியும் ஆகா; இனிய பழமும் அதன் குடலுக்கு ஒவ்வாது. சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் ஓடு வைக்கின்றனர். நம் நாட்டு மருந்துக்கடைகளில் ‘கடல்நுரை’ என விற்கும் அதே பொருள்தான்! வாரம் இருமுறை, தாடை மூழ்காத அளவு வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் விடுகின்றனர்; அதிலேயே அது நீரும் அருந்தும். நலமாகத் தோன்றும் ஆமையிடமும் ‘சால்மோனெல்லா’ என்னும் கிருமி இருக்கக்கூடும். ஆதலால் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் பிள்ளை உணவைத் தொடலாகாது என்பது அவ்வீட்டுச் சட்டம்.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான சிறுவர் அபூ உமைர், தாம் வளர்த்த சிட்டு இறந்து வருந்தியபோது, அண்ணலார் (ஸல்) அவர்கள் அதைப் பற்றிக் கனிவோடு விசாரித்தார்கள். இந்த ஒரு ஹதீஸிலிருந்தே 60 பயன்களை எடுத்து இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் தனி நூல் யாத்தார்கள். பறவை வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் இதனை ஆதாரம் காட்டுவர். ஆயின் அதனருகே இன்னொரு ஹதீஸும் நிற்கிறது. பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளியாமல், தேடி உண்ணவும் விடாத பெண் நரகம் புகுந்த செய்தி அது. அனுமதியையும் எச்சரிக்கையையும் சேர்த்தே ஓத வேண்டும்.

ஒன்று கூறி முடிப்போம். நம் நாட்டு நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். புதர்க்காடே அதற்குச் சிறந்த வீடு. சட்டம் இசையும் நாட்டில் வளர்ப்போர், ஹெர்மன் ஆமை 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்பதை மறக்கலாகாது. வாங்கித் தந்த பெற்றோருக்குப் பின்னும் அது உயிரோடிருக்கலாம். அமானிதப் பொருளை வஸிய்யத்தில் எழுதி வைக்கும் சமுதாயம் நம்முடையது. நமக்குப் பின் இதற்கு யார் இலை பறித்து வைப்பார் என்பதையும் அதில் ஒரு வரி எழுதி வைக்குமாறு மகளிடம் சொல்லி வந்தோம்.