ஹதீஸின் மறுபாதி

என் மருமகன் தேர்தலில் நிற்கப் போகிறார் என்று மகள் தொலைபேசியில் சொன்னபோது, "யார் நிற்கச் சொன்னார்கள்?" என்றுதான் முதலில் கேட்டேன். "யாரும் சொல்லவில்லை அத்தா. அவராகவே நிற்கிறார்" என்றாள். உடனே ஒரு ஹதீஸ் என் நாவில் வந்து நின்றது. முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் பாடம் நடத்துகிறவனுக்கு எதற்கும் ஒரு ஹதீஸ் நாவில் வந்து நிற்பது வழக்கந்தான். அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களிடம், தலைமைப் பதவியைக் கேட்டுப் பெற வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறதே, அதைச் சொன்னேன். மகள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "நேரில்தானே வரப் போகிறீங்க, அவரிடமே சொல்லுங்க" என்று முடித்துக்கொண்டாள்.

2024 சனவரியில் நான் ஹூஸ்டன் நகர் போய்ச் சேர்ந்தேன். மருமகன் சிறு வயதிலேயே பெற்றோருடன் அங்குச் சென்று குடியேறியவர். அந்நாட்டுக் குடிமகன். மழைநீர் வடிகால் பணியில் பொறியாளர். டெக்ஸாஸ் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்கு 150 உறுப்பினர்கள். ஒரு தொகுதியில் ஏறத்தாழ 1,94,000 மக்கள். அதில் ஓர் இடத்துக்குத்தான் அவர் டெமாக்ரடிக் கட்சியின் சார்பில் நிற்க விரும்பினார்.

நம் ஊரில் கட்சிக்கு விருப்ப மனுக் கொடுப்பார்கள், நேர்காணலுக்குப் போவார்கள், பின்பு தலைமை பட்டியலை வெளியிடும். அங்கே அப்படியன்று. கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே மக்கள் வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். அதற்குப் 'பிரைமரி' என்று பெயர். டெக்ஸாஸில் வாக்காளர் எந்தக் கட்சியிலும் பெயர் பதிந்திருக்க வேண்டியதில்லை. இரு கட்சிகளின் பிரைமரிகளில் விரும்பிய ஒன்றில் வாக்களிக்கலாம், இரண்டிலும் கூடாது. 750 டாலர் கட்டணம் செலுத்தினால், அல்லது அதற்குப் பதிலாக 500 வாக்காளர்களின் கையொப்பம் பெற்றுத் தந்தால், எவரும் நிற்கலாம். பல தொகுதிகள் ஒரே கட்சியின் கோட்டையாக இருப்பதால் நவம்பர் மாதப் பொதுத்தேர்தல் பெயருக்குத்தான் நடக்கும். மெய்யான போட்டி மார்ச் மாதப் பிரைமரியிலேயே முடிந்துவிடும்.

பதவிக்குக் கிடைக்கும் ஊதியத்தைக் கேட்டு எனக்கு நகைப்பு வந்தது. ஆண்டுக்கு 7,200 டாலர். சட்டமன்றம் கூடும் நாள்களுக்குத் தனிப்படி உண்டு. அதுவும் இரண்டாண்டுக்கு ஒருமுறை, 140 நாள்கள்தாம் கூடும். "மாதம் 600 டாலருக்கா இந்த அலைச்சல்?" என்றேன். "அதைத்தான் நானும் கேட்கிறேன் அத்தா" என்றாள் மகள், சமையலறையிலிருந்து.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் இரவு, இஷாத் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஹதீஸை எடுத்தேன். மருமகன் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு, "மாமா, அதன் மீதியையும் சொல்லுங்களேன்" என்றார். சொன்னேன். கேட்டுப் பெற்றால் அந்தப் பொறுப்போடு தனியே விடப்படுவாய், கேளாமல் உன்னிடம் வந்தால் அதற்கு உதவி செய்யப்படுவாய் என்பது அதன் கருத்து. "நான் கேட்டுத்தான் நிற்கிறேன். எனவே எனக்கு இதில் அச்சம் உண்டு, மறுக்கவில்லை" என்றார் அவர். "ஆனால் யூசுஃப் (அலை) அவர்கள் களஞ்சியங்களின் பொறுப்பைத் தாமே கேட்டார்களே, அதற்கு உங்கள் கிதாபுகளில் என்ன சொல்லியிருக்கிறார்கள்?"

நல்ல கேள்வி. எங்கள் மதரஸாவில் ஏழாண்டு ஓதிய பிள்ளைகளும் தாமாக எழுப்பாத கேள்வி. தகுதியுள்ள வேறொருவர் இல்லையென்று ஒருவர் தெரிந்திருந்து, தம்மால் நீதி செய்ய முடியும் என்றும் அறிந்திருந்தால், அப்பொறுப்பைக் கேட்பது அவர்மீது கடமையாகிவிடும் என்று இமாம் குர்துபீ அவர்கள் அந்த வசனத்தின் விரிவுரையில் எழுதியிருப்பதைச் சொன்னேன். யூசுஃப் (அலை) அவர்கள் தம் குலத்தைச் சொல்லவில்லை, அழகைச் சொல்லவில்லை. காக்கும் திறனையும் அறிவையும் மட்டுமே சொன்னார்கள் என்பதையும் எடுத்துக்காட்டினேன். மருமகனின் முகம் மலர்ந்தது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்து, நான்கைந்து நாள்களில் சில இடங்களில் 40 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டி, ஹூஸ்டன் நீரில் மூழ்கியது. பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து வீடிழந்தோரைத் தங்க வைத்தன. அவருடைய பெற்றோரின் வீட்டிலும் இடுப்பளவு நீர். அன்றிலிருந்து வடிகால் என்றால் அவருக்கு உறக்கம் இல்லை. "எனக்குத் தெரிந்த களஞ்சியம் அதுதான் மாமா" என்றார்.

அப்போது மகள் சொன்னாள்: "அத்தா, நம்ம வீட்டுக்கும் ஒருதடவை வந்தாங்களே, உங்களை நிற்கச் சொல்லி? நான்தான் டீ கொண்டுவந்து வைத்தேன்."

நான் பதில் சொல்லவில்லை. அது 2006ஆம் ஆண்டு. உள்ளாட்சித் தேர்தல் வந்த நேரம். ஷஃபான் மாத இறுதியில் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு ஜமாஅத்துப் பெரியவர்கள் நால்வர் வீட்டுக்கு வந்தார்கள். பேரூராட்சியில் எங்கள் வார்டுக்கு இரண்டு பேர் போட்டியிட முனைந்திருந்தார்கள். தெரு இரண்டாகப் பிரிந்து, ஒரு பிரிவினர் வீட்டு நிக்காஹுக்கு மறு பிரிவினர் போகாத நிலை. "ஹஜ்ரத், நீங்கள் நின்றால் இருவரும் விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்" என்றார் பெரியவர்களில் மூத்தவர், பலசரக்குக் கடைக்காரர். நான் இந்த ஹதீஸைத்தான் ஓதினேன். ஓதியது முதல் பாதியை மட்டும். அவர்கள் எழுந்து ஸலாம் சொல்லிப் போய்விட்டார்கள். அன்றிரவு என் பேணுதலை நானே மெச்சிக்கொண்டு உறங்கினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் நடந்தது அதுதான்.

ஹூஸ்டனில் அந்த இரவு உறக்கம் பிடிக்கவில்லை. விமானப் பயணத்தின் அசதியால் என்று மகளிடம் சொன்னேன்.

மறுநாளிலிருந்து மருமகனுடன் நானும் தெருக்களுக்குப் போகலானேன். போகுமுன் ஒரு சங்கடம். அவருடைய செலவுக்கு என்னாலானதைத் தர எண்ணி 100 டாலரை உறையிலிட்டு நீட்டினேன். அவருடைய பிரசாரப் பொருளாளர் (பொருளாளரை நியமிக்காமல் அங்கே வேட்பாளர் ஒரு காசும் பெறலாகாது) பதறிவிட்டார். நிரந்தரக் குடியுரிமைகூட இல்லாத அயல்நாட்டார், மாமனாரேயானாலும், அந்நாட்டுத் தேர்தல் எதற்கும் பணம் தரச் சட்டம் இடந்தரவில்லையாம். ஊதியம் வாங்காமல் உடன் நடந்தால் தடையில்லை. ஹதியாவாகக் கொடுத்தது திரும்பி வந்தது என் வாழ்வில் அதுவே முதல் முறை. அந்த உறையைப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிட்டு, கால்களைக் கொடுத்தேன்.

வீடுவீடாகப் போவது என்றால் எல்லா வீட்டுக்கும் போவதன்று. முன்னைய பிரைமரிகளில் யார் யார் வாக்களித்தார்கள், எந்தக் கட்சியினதில் வாக்களித்தார்கள் என்ற பட்டியல் வேட்பாளர்களுக்குக் கிடைக்கிறது. அதைப் பார்த்து மூன்று வீட்டை விட்டு நான்காவது வீட்டு மணியை அழுத்துவார்கள். நாற்பது வீடுவரை அண்டைவீடு என்று கிதாபுகளில் படித்த எனக்கு, இடையிலுள்ள கதவுகளைக் கடந்துபோவது மனத்துக்கு ஒப்பவில்லை. வாக்களிக்காதவன் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருக்குமே என்றேன். "புகுந்திருக்கும் மாமா. ஆனால் மார்ச் 5ஆம் நாளுக்கு இன்னும் ஐந்து வாரந்தான் இருக்கிறது" என்றார். பல வீடுகளில் கதவு திறக்காது. மணியில் பொருத்திய கேமராவிலிருந்து ஒரு குரல் மட்டும் என்ன வேண்டும் என்று கேட்கும். மருமகன் அந்தச் சின்னக் கண்ணைப் பார்த்துப் புன்னகை செய்து தம் பெயரைச் சொல்லுவார். அந்தப் பெயரை அவர்கள் திருப்பிச் சொல்ல முயலும் விதங்களைத் தனியே ஒரு கட்டுரையாக எழுதலாம்.

அவருடைய துண்டறிக்கையில் 'நேர்மையானவர், அனுபவம் மிக்கவர்' என்று அச்சிட்டிருந்தது. உங்களை நீங்களே தூய்மையாளராகப் பாராட்டிக்கொள்ள வேண்டாம் என்று இறைமறை சொல்வதை நினைவூட்டினேன். மறு அச்சில் 'நேர்மையானவர்' போய், எத்தனை ஆண்டுகள் எந்தெந்த வடிகால் பணிகளில் இருந்தார் என்பது வந்தது. என் ஆலோசனையால் வாக்குக் கூடியதா குறைந்ததா என்று அல்லாஹ்தான் அறிவான்.

நம்மவர்களின் வாக்கு எளிதில் கிடைத்துவிடும் என்று எண்ணியிருந்தேன். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் சல்மான் போஜானி, சுலைமான் லாலானி ஆகிய இருவர், டெக்ஸாஸ் சட்டமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினர்களாக வென்றிருந்தார்கள். அந்தப் பெருமிதம் பள்ளிவாசல்களில் இருந்தது. ஆனால் காஸாவில் போர் தொடங்கி ஐந்தாம் மாதம் அது. அதிபரின் கட்சிச் சீட்டைக் கையால் தொடவும் மாட்டோம் என்றார்கள் இளைஞர்கள் பலர். மாநிலச் சட்டமன்றத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருமகன் வாதிடவில்லை. அவர்களோடு உட்கார்ந்து அழுதார். வாக்குக் கேளாமல் எழுந்து வந்தார்.

இன்னொன்று அதைவிடக் கடினமாயிற்று. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் திட்டத்தை மாநில ஆளுநர் வற்புறுத்தி வந்தார். ஊர்ப்புற அரசுப் பள்ளிகள் நலியும் என்று அவருடைய கட்சியினரே சிலர் எதிர்க்க, 2023 நவம்பரில் கீழவை 84க்கு 63 என்ற வாக்கில் அதை நீக்கியிருந்தது. (2025 மே மாதத்தில் அது சட்டமாகிவிட்டது.) ஒருநாள் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் கூடத்தில் பெற்றோர் ஒருவர் எழுந்து கேட்டார்: நம் பிள்ளைகளை மார்க்கக் கல்வியுள்ள பள்ளிக்கு அனுப்பக் கடன் வாங்குகிறோமே, அந்தப் பணம் நமக்கு வந்தால் நல்லதுதானே, நீங்கள் ஆதரிப்பீர்களா? கூடம் முழுதும் அவரோடு இருந்தது. என் உள்ளமும் அவரோடுதான் இருந்தது. மதரஸாவில் கட்டணம் கட்ட முடியாத பிள்ளையின் தந்தை வாசலில் வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்தவன். 'ஆதரிப்பேன்' என்ற ஒரு சொல் போதும்.

மருமகன், "ஆதரிக்க மாட்டேன்" என்றார். அரசுப் பள்ளியில் படித்துத்தான் தாம் பொறியாளரானதையும், பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியை விட்டால் வேறில்லை என்பதையும் சொன்னார். பெற்றோரின் சுமையைக் குறைக்க ஜமாஅத்தே ஒரு நிதி தொடங்கினால் முதலில் தாம் தருவதாகவும் சொன்னார். யாரும் கத்தவில்லை. ஒவ்வொருவராக முஸாஃபஹா செய்துவிட்டு வெளியே போனார்கள். கை கொடுத்தவர்களின் கண்கள் அவரைப் பார்க்கவில்லை. வண்டியில் வரும்போது, "பொய் சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறீர்களா மாமா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். சற்றுத் தயங்கித்தான் சொன்னேன்.

வாக்குச்சீட்டில் பெயர்களின் வரிசையைக் குலுக்கலில் தீர்மானிக்கிறார்கள். மூவரில் அவருக்குக் கடைசி இடம். மார்ச் 5ஆம் நாள் காலை முதல் ஒரு வாக்குச்சாவடியில் நின்றோம். நூறடிக்குள் வாக்குக் கேட்கலாகாது என்பதற்கு அடையாளம் வைத்திருந்தார்கள். எவரும் அதைத் தாண்டவில்லை. போட்டியாளரின் ஆட்கள் எங்களுக்குத் தண்ணீர்ப் புட்டி தந்தார்கள். லுஹரை மரத்தடியில் தொழுதோம். அவர்களில் ஓர் அம்மையார் எங்கள் துண்டறிக்கைகள் காற்றில் பறக்காமல் தம் கைப்பையை அவற்றின்மேல் வைத்துக் காவல் இருந்தார்.

வீட்டுக்கு வந்து கணினியின் முன் அமர்ந்தோம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லையென்றால் முதலிருவர் மே 28ஆம் நாள் மீண்டும் மோத வேண்டும். மருமகன் மூன்றாமவர். பதினொரு மணிக்குள் அவர் இருவரையும் தொலைபேசியில் அழைத்து வாழ்த்திவிட்டார். பிறகு வெகுநேரம் குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஒளுச் செய்ய அவ்வளவு நேரம் பிடிக்காது.

அடுத்த மூன்று நாள்களும் தொகுதியெங்கும் போய், அவர் பெயர் எழுதிய பலகைகளைப் பிடுங்கி வண்டியில் அடுக்கினோம். கம்பிகளை மகள் தக்காளிச் செடிகளுக்கு எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் ரமலான் பிறந்துவிட்டது. மழை பெய்த ஒரு ஸஹர் நேரத்தில் மருமகன் குடையோடு தெருமுனை வாய்க்காலைப் பார்த்துவரப் போனதைச் சன்னல் வழியாகக் கண்டேன்.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் அஸருக்குப் பின் அந்தப் பலசரக்குக் கடைக்காரரைத் தேடிப் போனேன். எண்பதைக் கடந்துவிட்டார். கடையை மகன் பார்க்கிறார். திண்ணையில் சாய்வு நாற்காலியில் இருந்தவரிடம், 2006இல் நான் ஓதியது பாதி ஹதீஸ்தான் என்றும், கேளாமல் வரும் பொறுப்புக்கு இறையுதவி உண்டு என்ற பாதியை உங்களிடம் மறைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். மறந்தா, அஞ்சியா என்று எனக்கே தெளிவில்லை, அஞ்சித்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் காதைத் திருப்பி மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு சிரித்தார். "தெரியும் ஹஜ்ரத். அதற்கு இரண்டு ஜும்ஆவுக்கு முன்னால்தானே மிம்பரில் முழு ஹதீஸையும் சொல்லி விளக்கினீங்க. அதைக் கேட்டுத்தான் நாங்கள் உங்களிடம் வந்தோம்."

உள்ளே பார்த்து, ஹஜ்ரத்துக்கு டீ கொண்டுவரச் சொன்னார்.