கரையை வெட்டினால் குஞ்சு இல்லை

குளம் திருத்துவது பற்றிப் பேசக் கமக்கார அமைப்பில் கூடியிருந்தோம். வரைபடத்தில் நான்கு பக்கமும் செங்குத்தான கல்லுக்கட்டு, மேலே நடைபாதை, விளக்குகள். வடகரையை மட்டும் சரிவாகவே விடுங்கள், காட்டுத் தாரா முட்டையிடுகிற கரை அது என்றேன். திட்டத்தோடு வந்த இளைஞர் சிரித்தார். "ஐயா, தாரா தன்ரபாட்டில வந்து போற சாமான். அதுக்கென்ன பராமரிப்பு?" என்றார். மதகின் திறப்பை நீண்டகாலம் கையில் வைத்திருந்து அண்மையில்தான் ஒப்படைத்தவன் நான். அந்தக் கேள்வி பொறுக்கவில்லை.

வந்து போகிறவை வேறு, இருந்து பெருகுகிறவை வேறு. மாரியில் அராலி, கல்லுண்டாய், பொன்னாலைப் பக்கம் இறங்கும் ஊசிவாலும் நாமத்தலையும் நீலச்சிறகியும் மத்திய ஆசிய வான்வழியால் வருபவை. கோடை பிறக்கத் திரும்பிவிடும். முட்டையிடுவதெல்லாம் வடக்கே தொலைவில். அவற்றைக் கலைக்காமல் விட்டாலே போதும். எங்கள் கைக்குள் இருப்பவை சீழ்க்கைத் தாரா, குள்ளத் தாரா, புள்ளிமூக்குத் தாரா. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் தை மாதத்தில் நடக்கிறது. நல்ல காரியந்தான். ஆனால் அது வந்து நிற்கும் தலைகளை எண்ணுவது. எத்தனை குஞ்சு பறந்தது என்று வட்டுக்கோட்டை வயல்வெளியில் யாரும் கேட்டதை நான் காணவில்லை. பெரிய கமராவோடு வரும் பிள்ளைகளும் அராலிப் பாலத்தில் நின்று விருந்தாளியைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

தண்ணீர்க் கணக்கு ஒன்றும் கடினமல்ல. வழுக்கையாறு தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழையைச் சுமந்து வந்து அராலியில் கடலேரியைச் சேர்கிறது. தடுப்பணை உவரை மறிக்கிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை குளங்கள் நிறையும். அடை வைத்து மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடப் போனால் குஞ்சு வரும். அது சிறகு முற்றிப் பறக்க இன்னும் ஏறக்குறைய இரண்டு மாதம் வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலம், தண்ணீர் தானாகவே கீழே இறங்கும். அதற்கு மேல் மதகையும் அவசரப்பட்டுத் திறந்தால் பறக்கத் தெரியாத குஞ்சுகள் சேற்றில் காகத்துக்கு இரையாகும். கோடையில் குளம் வற்ற வேண்டும் என்பதும் முக்கியம். வற்றி வெடித்த மண்ணில்தான் கோரை விதை முளைக்கும். அடுத்த மழையில் புழு பூச்சி பெருகும். முதல் வாரங்களில் குஞ்சுக்குப் பூச்சிதான் உணவு. ஆண்டு முழுவதும் ஆழமாகத் தண்ணீரைத் தேக்கித் திலாப்பியா விட்டால் அந்தப் பூச்சியை மீன் தின்றுவிடும்.

புல்தான் எனக்குப் பெரிய பாடம். அதை எனக்குச் சொல்லித்தந்தவர் தரவையில் மாடு மேய்த்த ஓர் அப்பு. எழுத்தறியாதவர். "தம்பி, தண்ணியைப் பாராதை, புல்லைப் பார்" என்பார். மாடு அதிகம் மேய்ந்தால் கூடு மறையப் புல் இராது. மாடே மேயாவிட்டால் சம்பும் கோரையும் குளத்தை மூடித் தாரா இறங்க இடமிராது. பாதி வெட்டைத் தண்ணீர், பாதி கோரை என்று இருந்தால்தான் சோடிகள் ஒன்றையொன்று காணாமல் பிரிந்து தங்கும். அதற்காக அப்பு சித்திரை தொடங்கி ஆடி வரை மாட்டைக் கரை முழுக்க விட்டு மிதிக்க வைப்பார். மழை விழுந்ததும் வடகரைப் பட்டியிலிருந்து மாட்டைத் திருப்பிவிடுவார்; மாசி போகும்வரை ஒரு கன்றையும் அந்தப் பக்கம் விடமாட்டார். புல் முழங்காலளவு நின்றால் போதும், இடுப்பளவுக்கு வளர்ந்தால் கீரிக்கும் அது மறைப்பாகிவிடும் என்பார். கூட்டுக்கு நேரே நடக்க விடமாட்டார். போன தடத்தில் திரும்பவும் விடமாட்டார். மனிதத் தடத்தைப் பிடித்துக்கொண்டு கீரி வரும் என்பது அவர் கண்டது. புள்ளிமூக்கில் பெட்டை மட்டுமே அடைகாக்கும். காலையிலும் மாலையிலும் அது எழும்பிப் போகும் திசையைத் தூரத்தில் குந்தியிருந்து பார்த்தே இடத்தைக் குறிப்பார். சீழ்க்கைத் தாராவில் இரண்டும் மாறி மாறி இருக்கும், ஆகவே அந்தக் கூட்டைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். இன்று மேய்ப்பவர் இல்லை. கட்டாக்காலி மாடு எந்த மாதமும் எந்தக் கரையிலும் நிற்கிறது, அதன் பின்னால் கட்டாக்காலி நாய்.

இதே பாடத்தைக் கனடாவும் அமெரிக்காவும் பெருஞ்செலவில் படித்தன. பனிப்பாறை விட்டுப்போன லட்சக்கணக்கான குட்டைகள் நிறைந்த புல்வெளி ஒன்று அந்த இரு நாடுகளிலும் பரந்து கிடக்கிறது. வட அமெரிக்கத் தாராக்களில் ஏறக்குறைய பாதி அங்கேதான் பொரிக்கின்றன. 1930களின் வறட்சிக்குப் பிறகு, 1937இல், டக்ஸ் அன்லிமிடெட் என்ற அமைப்பு உருவாகிக் குட்டைகளில் தண்ணீரை மறித்தது. பின்னால் கூடுகளை ஆராய்ந்தவர்கள், நூற்றுக்குப் 15 முதல் 20 கூடாவது பொரிக்காவிட்டால் தொகை நிலைக்காது என்று கண்டார்கள். கரைப்புல்லை உழுத இடங்களில் அது எட்டவில்லை. உழுத நிலத்தை மீண்டும் புல்லாக்கக் கமக்காரருக்குப் பணம் கொடுத்தார்கள். அப்பு சொன்னதும் அதுவேதான். இலங்கையின் வனவிலங்குச் சட்டமும் 1937இல்தான் வந்தது. அடுத்த ஆண்டு சுண்டிக்குளம் சரணாலயமானது, 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. அதில் எனக்குக் குறையில்லை. வயலுக்கும் குளத்துக்கும் நடுவே கூடுகட்டும் தாராவுக்குத்தான் எல்லைக்கல் எதுவுமில்லை.

குள்ளத் தாரா பொந்தில் முட்டையிடும். போரில் தலை போன மொட்டைப்பனைகள் அதற்கு வாய்ப்பாக இருந்தன. அழகு கெடுகிறதென்று அவற்றையும் தறித்து முடித்தாயிற்று. பொரித்த மறுநாளே குஞ்சுகள் அவ்வளவு உயரத்திலிருந்து குதித்துத் தண்ணீருக்கு நடக்கும். எதிரே செங்குத்தான கல்லுக்கட்டு நின்றால் அவை எப்படிப் போகும், உள்ளே விழுந்தவை எப்படி ஏறும்? இதை வரைபடம் கீறுகிறவர்கள் கேட்கவில்லை. வயலிலும் அப்படியே. கையால் அரிவு வெட்டிய காலத்தில் கூடு கண்டால் சுற்றிவர நாலு முடி நெல்லை விட்டுவிட்டுப் போவார்கள். அறுவடை இயந்திரத்தின் மேல் இருப்பவருக்குக் கூடு தெரியாது, நிறுத்தச் சொன்னால் மணிக்கணக்குக் கூலி பேசுகிறார்.

நான் கேட்பது பெரிதல்ல. ஓரடி ஆழத்துக்குப் பத்தடி தூரம் இறங்குகிற சரிவு ஒரு கரையிலாவது வேண்டும். அந்தக் கரையில் விளக்கு வேண்டாம். ஐப்பசி முதல் மாசி வரை அங்கே மாடு வரக்கூடாது, புல்லுக்குத் தீ வைக்கக்கூடாது. சம்பு மண்டாமலிருக்கக் கோடையில் மாட்டை மேய்க்க ஒருவருக்குக் கூலி ஒதுக்க வேண்டும். நடைபாதை விளக்குக்கு ஒதுக்கும் பணத்தில் அது சிறு பங்குதான். வேலை தொடங்குவதானால் புரட்டாதி முடிவதற்குள் பெக்கோவை வெளியே எடுக்க வேண்டும். வடகரையில் எங்கே முளை அடிப்பது என்று காட்ட நான் வரத் தயார்.