வால் முளைத்த காஸ்

என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் 'பி.எஸ்ஸி.' என்று போட்டிருக்கும். அச்சகத்துக்காரர் தப்பில்லை. நான் எழுதிக் கொடுத்ததுதான்!

உண்மை என்னவென்றால், கணக்கில் ஓர் அரியர். மூன்றே மார்க்கில் போச்சு. 'காஸ்ஹெச் வர்க்கத்திலிருந்து சைன்ஹெச் வர்க்கத்தைக் கழித்தால் ஒன்று என நிரூபி' என்று கேட்டிருந்தார்கள். 'ஹெச்' என்பது ஏதோ வால் என்று நினைத்து நறுக்கிவிட்டு, ஸ்கூலில் உருப்போட்ட 'சைன் வர்க்கம் ப்ளஸ் காஸ் வர்க்கம்' நிரூபணத்தை அழகாக எழுதி வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் திருப்பூர், பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை, சனிக்கிழமை சம்பளம்... அரியர் அப்படியே நின்றுவிட்டது.

போன வாரம் அக்கா பையன் அதே கணக்கோடு வந்து நின்றான்.

"நீங்க பி.எஸ்ஸி. மேத்ஸ்தானுங்களே மாமா!"

"தலைவலிடா மாப்ளே. புஸ்தகத்தை வெச்சுட்டு நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டு, ராத்திரி உட்கார்ந்தேன்.

அட, இவ்வளவுதானா! 'இ' பவர் எக்ஸை 'அ' என்றும், 'இ' பவர் மைனஸ் எக்ஸை 'ஆ' என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் காஸ்ஹெச். அ-விலிருந்து ஆ-வைக் கழித்துப் பாதியாக்கினால் சைன்ஹெச். இனி (அ+ஆ)²-லிருந்து (அ−ஆ)²-ஐக் கழித்தால் 4அஆ. இது பள்ளிக்கூடத்துக் கணக்கு. பாதியை வர்க்கமாக்கியதால் கீழேயும் ஒரு 4. இரண்டு நாலும் அடிபட்டுப் போக, மிச்சம் அஆ. இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். பெருக்கினால்... ஒன்று!

மறுநாள் மொட்டை மாடியில் பாடம் முடிந்ததும் பையன் கேட்டான்: "இது எதுக்குங்க மாமா ஆகும்? பனியன் தைக்கவா?"

"தலைக்கு மேல பாரு. துணி காயப் போடுற கயிறு. துணியில்லாம சும்மா தொங்குறப்ப அது வளையுற வளைவு இருக்கே, அதுதான் காஸ்ஹெச். 1691-ல லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி மூணு பேரும் அந்த வளைவுக்கு விடை சொன்னாங்க."

பையன் என்னை ஐன்ஸ்டீனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது.

"மாப்ளே... பரீட்சையில இதை நான் தப்பாத்தான் எழுதினேன். இன்னும் பாஸாகலை."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அத்தைக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுடா."

"அப்ப தினம் ஒரு கணக்குச் சொல்லிக் குடுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்!"

பத்திரிகையில் போட்ட டிகிரிக்கு இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறேன்!