பிழிகிற கையும் ஊறுகிற பயறும்

சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திக்குகளிலிருந்து வருகிற ரயில் பாதைகளும் ஒன்றுகூடுகிற விழுப்புரத்தில் இரவு எங்கே முடிகிறது, விடியல் எங்கே தொடங்குகிறது என்று நிச்சயித்துச் சொல்வது கடினம். எந்த நேரத்திலும் யாரோ ஒருவர் வண்டியை விட்டு இறங்கிப் பசியோடு வெளியே வந்துகொண்டிருப்பார். அத்தகைய ஊரில், கோழி கூவுமுன் அடுப்பு மூட்டி, இடியாப்பம் பிழிந்து, சைக்கிளின் பின்னே பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்று ஜீவனம் செய்கிற குடும்பங்கள் இருப்பதில் ஆச்சரியமில்லை. டப்பாவில் அடைத்த பீன்ஸையும் பாஸ்தாவையும் சேர்த்துச் சொற்பச் செலவில் நாகரிகமான இரவு உணவு சமைக்கும் விதத்தைச் சென்னை நண்பர் ஒருவர் வெகு உற்சாகமாக வர்ணித்தபோது, அந்தப் பதார்த்தத்தின் ஒன்றுவிட்ட சகோதரன் நம் தென்னாற்காட்டுச் சீமையிலேயே இருக்கிறானே என்று எனக்குத் தோன்றியது. நண்பர் கொடுத்த பீன்ஸ் டப்பா ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

நான் போன வீட்டில் தாயும் மருமகளும் பிழிகிறார்கள், மகன் விற்கிறார். பழைய பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மில்லில் அரைத்து, பக்குவமாக வறுத்துச் சலித்து வைத்திருந்தார்கள். புது அரிசி பசையாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதை அந்த அம்மாள் சேர்ப்பதே இல்லை. உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் சேர்ந்து தளதளவென்று கொதிக்கும் தண்ணீரைச் சிறிது சிறிதாக மாவில் விட்டு, கரண்டிக் காம்பால் கிளறிக்கொண்டே, “மாவு கேக்குற தண்ணியத்தான் ஊத்தணுங்க ஐயா, நம்ம இஷ்டத்துக்கு ஊத்துனா கெட்டுப்போயிடும்” என்றார். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். கையில் ஒரு சிட்டிகை மாவை உருட்டிக் காட்டினாரே தவிர, அளவு எதுவும் சொல்லவில்லை. கேட்டது அசட்டுத்தனம்தான்.

அந்தக் கொதிநீரில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் இருப்பதால், அதன் மாவு நனைந்து பிசையப்பட்டவுடன் வலைபோலப் பின்னிக்கொண்டு இழைகளைத் தாங்கி நிற்கிறது. டியூரம் என்கிற கடின கோதுமையில் செய்த பாஸ்தா கொதிக்கிற தண்ணீரில் நேரே விழுந்தும் கரையாமலிருப்பது அதனால்தான். அரிசிக்கு அந்த பாக்கியம் இல்லை. கொதிநீர் பட்டு அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி வெந்து பசையானால்தான் இழை இழையாக இறங்கும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் அச்சின் வாயிலேயே பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். மருமகள் அச்சை இரண்டு கைகளாலும் அமுக்கியபடி மணிக்கட்டை மெல்லச் சுழற்ற, நூல் வட்டம் வட்டமாகத் தட்டில் படிந்தது; இழை அறுந்தால் மாவு காய்ந்துவிட்டது, கொழகொழத்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று கையே சொல்லிவிடுமாம். உள்ளங்கையின் அடிப்பாகம் காய்த்துப்போயிருந்தது. “மோட்டார் மெஷின் வாங்கச் சொல்றாங்க. அதுல பிழிஞ்சா இறுகிடுது, குழம்பு உள்ள இறங்காது” என்றார். விலையை ஒரு ரூபாய் ஏற்றினாலும் வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றார் மகன். மலிவு என்று நாம் கொண்டாடுகிற உணவில் மலிவாகக் கிடைப்பது அரிசியல்ல, இவர்களுடைய உழைப்பே என்பது என் அபிப்பிராயம்.

இடியாப்பத்துக்குத் துணையான குழம்பைத் தேடி ரயிலேறினேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, மயிலம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து ரயில் திண்டிவனம் சேர்ந்தபோது பிற்பகலாகிவிட்டது. அங்கே ஒரு சிறிய மெஸ்ஸில் இரவில் இடியாப்பத்துக்குக் காராமணிக் குழம்பு ஊற்றுகிறார்கள். காலையிலேயே ஊறப்போட்ட பயறு உப்பித் தோல் சுருக்கம் நீங்கியிருந்தது. சமையற்கார அம்மாள் அதை வேறு தண்ணீரில் மலர வேகவைத்து, நன்றாக வெந்தபிறகே புளியைக் கரைத்து விட்டார். புளிப்பு முந்திக்கொண்டால் பயறு எத்தனை நேரம் கொதித்தாலும் விறைத்துக்கொண்டே நிற்கும். பிறகு ஒரு கரண்டிப் பயறை மட்டும் மசித்துத் திரும்பச் சேர்த்தார். தேங்காய் அரைத்து விடாமலே குழம்பு கெட்டிப்பட்டுப் பளபளத்தது. தாளித்தது கடலை எண்ணெயில். டி.எம்.வி. என்று இவ்வூரின் பெயரைத் தாங்கிய நிலக்கடலை ரகங்களை உண்டாக்கிய எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் ஆலிவ் எண்ணெயைத் தேடுவானேன்?

பயறில் கொஞ்சத்தை மசித்துக் குழம்பைக் கெட்டிப்படுத்தும் இந்த யுக்தியையே இத்தாலியக் குடியானவர்களும் பாஸ்தாவும் பீன்ஸும் சேர்ந்த பாஸ்தா எ ஃபஜோலியில் கையாளுகிறார்கள். அவர்கள் இப்போது போடுகிற பீன்ஸ் அமெரிக்காவிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பு அந்த நாட்டார் உண்டது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, கண்ணில் கறுப்புப் புள்ளியுள்ள நம் காராமணியைத்தான்.

டப்பாவின் கதை பிற்காலத்தது. பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேர் கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்துக் காக்கும் முறையைப் புத்தகமாக வெளியிட்டதும், தகரப் பாத்திரத்துக்கு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் காப்புரிமை பெற்றதும் ஒரே ஆண்டில், 1810இல், நிகழ்ந்தன. 400 கிராம் டப்பாவில் தண்ணீரை வடித்தால் தேறுவது சுமார் 240 கிராம் பயறு. உலர்ந்த பயறாக வாங்கினால் அதற்கு 100 கிராமுக்குச் சற்று மேலே போதும். டப்பாவுக்குக் கொடுக்கிற விலையில் மீதிக் காசு எட்டு மணி நேர ஊறலுக்கும், தகரத்துக்கும், மூடிய டப்பாவைச் சுமார் 121 டிகிரி செல்சியஸில் வேகவைக்கும் யந்திரத்துக்குமாகப் போகிறது.

இந்தத் திண்டிவனத்தின் ஒரு பகுதியான கிடங்கில் என்பதுதான் ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சத்தால் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்துண்ட பாணன் குடும்பத்தைக் காட்டுகிறார். மெஸ்ஸிலோ கதவு விரியத் திறந்திருந்தது. இடியாப்பத்தின்மேல் குழம்பும், பொடியாக நறுக்கிய வெங்காயமும், கொத்துமல்லியும் வாழையிலையில் வந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர், “அண்ணே, இன்னொரு செட்டு” என்று உரக்கக் கூவினார். அந்தப் பாணனுக்குக் கிட்டாத உப்பும் இதில் இருந்தது, மரக்காணத்து உப்பு.

நான் கொண்டுபோயிருந்த டப்பாவைத் திறந்து அந்த அம்மாளிடம் நீட்டினேன். இரண்டு பயறை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார், வாயில் போட்டுக்கொண்டார். “நல்லாத்தான் வெந்திருக்கு. ஆனா இந்தத் தண்ணிய ஊத்தாதீங்க ஐயா, அலசிட்டுக் கடைசியில போடுங்க. முன்னாடியே போட்டா கூழாயிடும். ராத்திரி பத்து மணிக்குத் திடீர்னு ஆள் வந்தா இது உதவும்” என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலைக்கான மொச்சையை ஊறப்போடப் போய்விட்டார்.