கடலுக்கே டயட் போடும் ஏரியா!

எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சு. 'அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ஸ்ட்ரிக்ட் டயட்'னு டாக்டர் சொல்லிட்டார். வீடு எங்கே? ராயபுரத்துல! இதைவிடப் பெரிய சோதனை ஒரு மனுஷனுக்கு வேணுமா பாஸ்?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பினது ராயபுரத்திலிருந்துதான். நாமும் அங்கிருந்தே வடக்கே ஒரு ரவுண்ட் கிளம்புவோம். கூடவே ஒரு கண்டிஷன்: பார்க்கலாம், மோந்து பார்க்கலாம்... வாயில் வைக்கக் கூடாது!

முதல் கண்டம் காசிமேடு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இங்கே ஊரே கூடி நிற்கும். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, கடம்பானு கூடை கூடையாய் இறங்கும். பக்கத்திலேயே எண்ணெய்ச் சட்டி கொதிக்கும். மசாலா தடவின மீன் அதில் விழுகிற அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தத்துக்கே நாக்கில் எச்சில் ஊறும்.

ஆனா இதே காசிமேடு வருஷத்துக்கு ஒருமுறை கப்சிப்னு ஆகிடும், தெரியுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் ஓய்வெடுக்கும். வலை பின்னுவதும் இன்ஜின் ரிப்பேரும்தான் அப்போ வேலை. முதலில் 45 நாளாக இருந்ததை 2017-ல்தான் 61 ஆக்கினாங்க. மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருக கடலுக்கு இடைவெளி வேணும். வருமானம் போகுதுன்னு தெரிஞ்சும் ஒரு ஊரே இரண்டு மாசம் காத்திருக்கு. நம்மகிட்ட கேட்பது வெறும் 14 நாள்!

சரி, அந்த 14 நாள் எதுக்கு? 'ஆபரேஷன் பண்ணினா எப்படியும் எடை குறையப் போகுதே'ன்னு தோணும். விஷயம் எடை இல்லை, கல்லீரல்!

இதைப் புரிஞ்சுக்க திருவொற்றியூர் வரணும். எம்.ஆர்.எஃப். 1946-ல் இங்கேதான் ஒரு சின்ன ஷெட்டில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்தது. லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனிலும் வயிற்றை கார்பன் டை ஆக்ஸைடு வாயுவால் பலூன் மாதிரிதான் உப்ப வைப்பாங்க. சின்னச் சின்ன துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் உள்ளே போகும். அங்கே இரைப்பையை மறைச்சுக்கிட்டுப் படுத்திருக்கும் கல்லீரல். அதைத் தூக்கிப் பிடிச்சாத்தான் வேலையே ஆரம்பம்.

உடல் பருமன் உள்ள பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, அது வீங்கிக் கனத்திருக்கும். தூக்கும்போது கிழிந்து ரத்தம் கசியலாம். ரொம்பப் பெரிசா இருந்தா ஆபரேஷனையே பாதியில் நிறுத்த வேண்டி வரலாம். மாவுச்சத்தைக் குறைத்தால், கல்லீரலில் சேமித்து வைத்த கிளைக்கோஜனும் அது பிடித்து வைத்திருக்கும் தண்ணீரும் முதலில் வடியும், கொழுப்பும் குறையும். கல்லீரல் சுருங்கி வழிவிடும்.

2011-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் 273 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு. டயட் இருந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்வது சுலபமாக இருந்ததாக சர்ஜன்கள் சொன்னார்கள். அடுத்த 30 நாளில் வந்த சிக்கல்களும் அந்தக் குழுவில் குறைவு.

பொதுவாக இந்த டயட் ஒரு நாளைக்கு சுமார் 800 கலோரி. புரோட்டீன் பானம், சர்க்கரை இல்லாத மோர், தெளிந்த சூப்... இப்படிப் போகும். ஃபுல் பிரியாணி ஒன்று அடிச்சா ஒரு நாள் கோட்டா அங்கேயே காலி! அதனால்தான் 'கடைசியா ஒரு தடவை'ன்னு நண்பர்கள் வைக்கிற வழியனுப்பு ட்ரீட் ஆபத்து. வடிஞ்ச கிளைக்கோஜன் வேகமா திரும்பி நிரம்பிடும். மச்சான்களா, ட்ரீட்டுக்குப் பதிலா சாயங்காலம் கூட நடக்க வாங்கடா!

நைட் ஷிப்ட் பார்க்கிறவங்க, நடுராத்திரி பசிக்கு டீக்கடை பன்னை நம்பாம பையில் மோர் பாட்டில் வெச்சுக்கலாம். 'அண்ணே, சக்கரை இல்லாம'ன்னு சொல்லக் கூச்சப்படாதீங்க. முக்கியமா, சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவங்க இந்த டயட்டைத் தானாக ஆரம்பிக்கவே கூடாது. சாப்பாடு குறையும்போது மருந்தின் அளவையும் டாக்டர் மாற்றணும். இல்லேன்னா சர்க்கரை திடீர்னு இறங்கி மயக்கம் வரும். நடுவில் ஒருநாள் சறுக்கினாலும் மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. மேஜையில் படுத்த பிறகு கல்லீரல் எப்படியும் காட்டிக் கொடுத்துடும்!

2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுது. அதில் ஏறி திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் வடிவுடையம்மன் கோயில். கடற்கரைப் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. கையில் கரும்போடு ஊர் ஊராய் அலைந்தவருக்கு, கசந்த கரும்பு இங்கே வந்ததும் இனித்தது என்பது ஐதீகம். பெரிய வணிகராய் இருந்து எல்லாத்தையும் விட்டவர் அவர். நம்மை விடச் சொல்வது அத்தோவும் பிரியாணியும் மட்டும்தான், அதுவும் இரண்டு வாரத்துக்கு.

இன்னும் வடக்கே எண்ணூர் முகத்துவாரம். 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவு படிந்து கறுத்த தண்ணீர் இது. இறாலும் மீனும் நம்பி வாழும் குடும்பங்கள் அப்போ பட்ட பாடு கொஞ்சமில்லை. உள்ளே எதைச் சேர்க்கிறோமோ, அது ஒருநாள் கணக்குக் கேட்கும். கடலுக்கும் அதேதான், கல்லீரலுக்கும் அதேதான்!

ஜூன் 14 நள்ளிரவு தாண்டினதும் காசிமேட்டுப் படகுகள் கிளம்புகிற வேகத்தை ஒருமுறை போய்ப் பாருங்க பாஸ். காத்திருந்தவங்களுக்குத்தான் அந்த உற்சாகம் வரும்!