மணம் மறந்த மூக்கு

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு காலைப்பொழுது. திண்ணையில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நான் தண்ணீர் குடிப்பதற்காக உள்ளே எழுந்து சென்றேன். கூடத்திலேயே எரிவாயுவின் நாற்றம் முகத்தில் அறைந்தது. அடுக்களையில் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது, வாயுவோ சீறிக்கொண்டிருந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி அப்போதுதான் திரும்பிப் பார்த்து, அணைந்த அடுப்பை ஏற்றத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"தொடாதே!" என்று கத்தினேன். உருளையின் வாயை மூடிச் சன்னல்களைத் திறந்துவிட்டு, மின்விசைகள் எதையும் தொடாமல் அவளை முற்றத்திற்கு அழைத்து வந்தேன். அவள் விழித்தாள். "என்னங்க, எனக்கு ஒன்றும் நாறவில்லையே!" என்றாள். பிறகு மெல்ல, "காய்ச்சல் கண்ட நாளிலிருந்தே வாசனை தெரியவில்லை. சொன்னால் பயப்படுவீர்கள் என்று சொல்லவில்லை" என்றாள்.

கொரோனாத் தொற்று எங்கள் இருவரையும் தாக்கி, மருத்துவமனைக்குப் போகாமலே நாங்கள் குணமடைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரமும் குழம்பில் காரம் ஏறிக்கொண்டே போனதன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றையும், புலால் சாற்றில் உள்ளது போன்ற ஒரு சுவையையுமே. மற்றவை எல்லாம், மெல்லும்போது உணவிலிருந்து எழும் மணம் தொண்டையின் பின்வழியே மூக்கிற்கு ஏறுவதால் தோன்றுபவை. நாம் அறுசுவையுள் ஒன்றாக எண்ணும் உறைப்போ, எரிச்சலை உணரும் வேறு நரம்பின் வேலை. அது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியிருந்தது. அதையே அள்ளிப் போட்டிருக்கிறாள், பாவம்.

எரிவாயுவிற்கு இயல்பாக மணம் என்று சொல்லத்தக்கது இல்லை. கசிவை நமக்கு அறிவிப்பதற்கென்றே எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு கலக்கின்றனர். காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் நுகரும் மூக்கு ஒன்று வீட்டில் இருப்பதை நம்பியே நிற்கிறது. இதை அதற்கு முன் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றோம். பொறுமையுள்ளவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய எனக்கும் விளங்குமாறு படம் வரைந்து காட்டினார். மூக்கறையின் உச்சியில், இரு புறமும் தபால்தலை அளவே உள்ள மெல்லிய சவ்வில் பல இலட்சம் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றின் இழைகள், சல்லடைபோல் துளைகள் உள்ள ஓர் எலும்பினூடே மேலேறி மூளையின் முகர்வுக் குமிழை அடைகின்றன. மனிதருக்கு ஏறத்தாழ 400 வகையான மண ஏற்பிகள் உண்டு. ஒவ்வோர் அணுவும் அவற்றுள் ஒரு வகையையே தாங்கியிருக்கும். இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991-ல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்னும் இருவரும் 2004-ல் நோபல் பரிசு பெற்றனர்.

நானூறு ஏற்பிகளைக் கொண்டு கணக்கற்ற மணங்களை எவ்வாறு அறிகிறோம்? 247 எழுத்துகளைக் கொண்டு எத்தனை சொற்களை எழுதுகிறோமோ, அவ்வாறுதான். மல்லிகையின் மணம் ஒரு பொருளால் ஆனதன்று. பல பொருள்களின் கலவை. ஒவ்வொரு பொருளும் பல ஏற்பிகளைத் தூண்ட, அவற்றின் கூட்டை மூளை ஒரு சொல்லாகப் படித்துக்கொள்கிறது. மற்றப் புலன்களின் செய்தி மூளையின் நடுவே உள்ள ஓர் இடைநிலையத்தைக் கடந்தே மேற்செல்லும். மணமோ உணர்ச்சிக்கும் நினைவிற்கும் உரிய பகுதிகளுக்கு நேரே போய்ச் சேர்கிறது. புதுமழையில் மண் மணக்கும்போது, இறந்த என் தாயார் கண்முன் நிற்பது ஏன் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று.

"கிருமி நரம்பணுக்களைத் தின்றுவிட்டதா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா. அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களையே பெரும்பாலும் தாக்குகிறது. நல்ல செய்தி என்னவென்றால், மூக்கின் இந்த நரம்பணுக்கள் வாழ்நாள் முழுவதும் புதிது புதிதாக முளைப்பவை" என்றார்.

அவர் சொன்ன மருத்துவம் மிக எளியது. எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மெல் என்பவரும் குழுவினரும் 2009-ல் வெளியிட்ட பயிற்சி அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் கருத்தூன்றி முகரவேண்டும். பன்னிரண்டு வாரமாவது விடாமல் செய்யவேண்டும். எல்லாருக்கும் பலன் தராது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நான்கு சிறு புட்டிகளைச் சன்னல் ஓரத்தில் வைத்தோம். ஆகஸ்டு போயிற்று, செப்டம்பர் போயிற்று. கோவிலில் ஆராதனையின்போது சாம்பிராணிப் புகை எழுவதைப் பார்த்து அவள் கண்கலங்கியதைக் கண்டேன். அக்டோபரில் கிராம்பு வந்தது. அதற்குப் பின் வந்த காப்பி, சாக்கடைபோல் நாறிற்று! சில எழுத்துகள் திரும்பி, சில திரும்பாத நிலையில் மூளை சொல்லைத் தவறாகப் படிக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். வறுத்த காப்பியின் மணத்திற்குக் காரணமானவற்றுள் ஒன்றும், எரிவாயுவில் கலக்கும் அந்தக் கந்தக இனத்தைச் சேர்ந்ததே. நான் திண்ணைக்குப் போய்க் காப்பி குடிக்கத் தொடங்கினேன்.

மறு ஆண்டு பெப்ருவரியில் ஒருநாள், பேத்திக்குத் தலைவாரிக்கொண்டிருந்தவள் சட்டென்று குனிந்து அவள் உச்சியை முகர்ந்தாள். மீண்டும் முகர்ந்தாள். "சீயக்காய்!" என்றாள். "ஐயோ, விடுங்க பாட்டி!" என்று குழந்தை நெளிந்தது, அவள் விடவில்லை.

இன்று பெரும்பாலான மணங்கள் அவளுக்குத் தெரிகின்றன. ஆயினும் விடியற்காலையில் அடுப்பை ஏற்றுமுன், "கொஞ்சம் இங்கே வாருங்கள்" என்று என்னைத்தான் அழைக்கிறாள். நான் சென்று முகர்ந்து பார்த்துவிட்டு, "சரி, ஏற்று" என்கிறேன்.