மெல்லினம் இல்லாத மலை

பூகா தீவில் விமானத்தை விட்டு இறங்கினால், எதிரே போகன்வில் தெரியும். பப்புவா நியூ கினியின் கிழக்குக் கோடித் தீவு. நடுவே ஒடுங்கிய கடல்கால். மோட்டார் படகில் சில நிமிடங்களில் கொக்கோபாவ் கரை வந்துவிடும். அங்கிருந்து கிழக்குக் கடலோரமாகத் தெற்கே, ஆறு ஆறாகக் கடந்து போனால் வகுனாய் வட்டாரம். மேற்கே 2,715 மீட்டர் உயர பால்பி எரிமலை.

இந்த மலைப்பக்க ஊர்களில் சுமார் 4,000 பேர் பேசும் மொழி ரொட்டோகாஸ். அதற்கு எழுத்துகள் பன்னிரண்டே. உயிர் ஐந்து. மெய்யொலிகள் ஆறு: ப, த, க, இவற்றுக்கு ஜோடியாக வ, ர, 'மகன்' என்னும்போது நடுவில் வருமே, அந்த மெலிந்த 'க'. 'த' ஒலி 'இ'க்கு முன்னால் 'ச' ஆகிவிடும். அதற்குத் தனி எழுத்து போட்டதால்தான் பன்னிரண்டு. இரு கண்களுக்கு 'ஒசிரெய்தொஆரெய்' என்று பெயர். ஒரே சொல்லில் 'சி'யும் இருக்கிறது, 'தொ'வும் இருக்கிறது, பாருங்கள். ஒலி குறைவு என்பதால் சொற்கள் இப்படி நீண்டுகொண்டே போகும்.

ம, ந, ங? கிடையாது. மெல்லினமே இல்லை! அங்கே தங்கி மொழியைப் பதிவு செய்த ஃபர்ச்சோ தம்பதி 1969-ல் வேடிக்கையான ஒன்றை எழுதினார்கள். மூக்கொலி அங்கே அபூர்வமாகத்தான் காதில் விழும். அதுவும் பெரும்பாலும் வெளியூர்க்காரர் ரொட்டோகாஸ் பேசித் தடுமாறுவதை உள்ளூர்க்காரர்கள் நடித்துக் காட்டும்போது!

மிகச் சிறிய அரிச்சுவடி என்று கின்னஸ் புத்தகத்திலும் இடம்பிடித்த மொழி இது. அந்தப் புகழில் ஒரு சங்கடம் உண்டு. 'குறைந்த ஒலி' என்று கேட்டதுமே, இன்னும் வளராத மொழி போலிருக்கிறது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. அதே மொழியின் இன்னொரு வட்டார வழக்கான ஐத்தாவில் மூக்கொலிகள் மூன்றும் இருக்கின்றன. மெய்யொலிகள் மொத்தம் ஒன்பது. 'ப'வுக்குப் பதில் 'ம' சொன்னால் அங்கே பொருளே மாறிவிடும். ஸ்டூவர்ட் ராபின்சன் என்ற மொழியியலாளர் 2006-ல் இதை விளக்கினார். முன்பு மூன்று வரிசையாக இருந்த மெய்களில் இரண்டு, மைய வழக்கில் காலப்போக்கில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பது அவர் முடிவு. ஆக, மெல்லினம் வராமலே போகவில்லை. இருந்து, கரைந்தது.

இப்போது அது வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. நாட்டின் பொதுமொழியான டோக் பிசினும் ரொட்டோகாஸ் மக்களுக்குத் தெரியும். அதில் 'நான்' என்பதற்கே சொல் 'மி'.